விரலில் தேய்த்துப் பார்த்த எண்ணெய்

மண்கரைசலில் விரலை விட்டு எடுத்து, அது வழிகிற விதத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுகிறவன் நான். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எனக்கு இதுதான் வேலை. பொம்மை வார்க்கிற கம்பெனி எங்களுடையது. களிமண்ணையும் மற்றப் பொடிகளையும் தண்ணீர் விட்டு மில்லில் அரைத்து, மோர்க்குழம்பு பதத்துக்கு ஒரு கரைசல் எடுப்போம். ஸ்லிப் என்று அதற்குப் பெயர். அதை பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் சிறிது நேரம் விட்டுக் கவிழ்த்தால், அச்சுச் சுவரில் பிடித்த மண் பொம்மையாக நிற்கும். ஸ்லிப் நீர்த்துப் போனால் பொம்மை மெலிந்து சூளையில் விரிசல் விடும். பதம் அளக்க ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். அது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. முதலாளி என் ஆள்காட்டி விரலைத்தான் நம்புகிறார். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். இந்தப் பெருமையால் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன் என்பதையும் இனி மறைக்கப் போவதில்லை.

என்னிடம் ஒரு பழைய கார் உண்டு. என் தங்கையின் கணவர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், அதே கம்பெனியின் அதே காரைத்தான் வாங்கினார். என்னுடையதைவிட ஏழெட்டு வருடம் புதியது. அதை ஜங்ஷன் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டுகிறார். இரண்டுக்கும் ஐந்து கியர். கைப்பிடியை அசைக்கிற விதம் ஒன்று, ரிவர்ஸ் விழுகிற இடம் ஒன்று. அடியில் படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸின் அலுமினியக் கூடும் ஒன்றேதான். எண்ணெய் ஊற்றுகிற போல்ட் பக்கவாட்டில், வடிக்கிற போல்ட் அடியில். எந்த வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வரும்.

இரண்டு வண்டியையும் பார்த்தவர் ஒரே மெக்கானிக். மங்கலம்பேட்டைக்காரர். நாங்கள் பாய் என்போம். பல வருடம் வளைகுடாவில் கார் பட்டறையில் உழைத்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று முடிவெடுத்து ஊர் திரும்பியவர். மங்கலம்பேட்டை சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். மகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் போனில்தான் பார்த்தேன், அவள் படிப்பை முடிப்பதையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். ஸ்டாண்டில் பாதி வண்டிகள் அவரிடம்தான் போகும். சுத்தமான வேலை. கழற்றிய போல்ட்டுகளைக்கூட பிஸ்கட் டப்பா மூடியில் வரிசையாக வைப்பார்.

ஒருநாள் மாப்பிள்ளை வண்டிக்குக் கியர் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். சரியாக ஆயில் ஊற்றுகிற நேரத்தில் சவாரி விஷயமாக யாரோ கூப்பிட, மாப்பிள்ளை சாலையைத் தாண்டிப் போய்விட்டார். பாய் டப்பாவைத் திறந்து குழாய் வழியாக ஊற்ற ஆரம்பித்தார். பழக்க தோஷம், நான் விரலை நீட்டி ஒரு சொட்டு வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்கூட அதைவிடக் கனமாக இருக்கும்.

"என்னா பாய், தண்ணியா ஓடுது? என் வண்டிக்கு நீங்க ஊத்துனது வெளக்கெண்ண மாதிரி இருந்துச்சே?"

"ஒங்க வண்டிக்கு தொண்ணூறு நம்பருண்ணே. இதுக்கு எழுபத்தஞ்சு. லேசாத்தான் இருக்கும்."

"ரெண்டும் ஒரே பாக்ஸுதான?"

"கூடுதான் ஒண்ணு. உள்ளார வேற. கியர் மாத்துறப்ப ரெண்டு பல்லு சக்கரத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாற பித்தள வளையம் இருக்குதுல்ல, அது இதுல வேற மாதிரி. சந்து சின்னது. கெட்டி ஆயிலு ஊத்துனா உள்ள போயி வேல செய்யாது."

"எனக்குத் தெரியாத பதமா பாய்? நீர்த்துப் போனது எங்க புடிக்கும்?"

அவர் படுத்தபடியே சிரித்தார். "அண்ணே, மண்ணுக்கு நீங்க, மெஷினுக்கு நான்."

டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றிருந்த ஒரு வெளியூர்க்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். பாய் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. அதைவிட மரியாதையாகச் சொல்லவே முடியாது. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஊரே என் விரலுக்குத் தலையாட்டும்போது இவர் யார் சிரிப்பதற்கு என்று வீட்டுக்கு வரும்வரை கறுவிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர் பாய் பக்கம்தான் பேசுவார் என்று தெரியும்.

அந்த ஐப்பசியில் திட்டக்குடி பக்கம் மங்களூரில் ஒரு காதுகுத்து. தங்கை குடும்பம் சொந்தக்காரர்களோடு வேனில் போனது. கார் என் பொறுப்பில் இருந்தது. சூளை எரிந்துகொண்டிருந்ததால் நான் போகவில்லை. காரைக் கம்பெனி வளாகத்துக்கு ஓட்டி வந்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, சூளைக்கு வாங்கியிருந்த கற்களை நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்தேன். என் வண்டிக்கு இன்ஜின் ஆயில் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. அதனால் கையில் தயக்கம் இல்லை.

ஆயில் கடையில் "தொண்ணூறு, நல்லா கெட்டியா குடுங்க" என்று மட்டும்தான் கேட்டேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். பெரிய மனுஷத் தோரணையில், "நீங்க குடுங்க, எனக்குத் தெரியும்" என்றேன். லாரியின் பின்பக்க அச்சுக்கு ஊற்றுகிற வகையை எடுத்துக் கொடுத்தார். தொண்ணூறிலேயே வகை உண்டென்று எனக்குத் தெரியாது. திறந்தால் கந்தக வாடை அடித்தது. தேய்த்துப் பார்த்தேன், விரலோடு ஒட்டி நின்றது. இதுதான் எண்ணெய் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். பாய் ஊற்றியிருந்த எண்ணெயை வடித்தேன். ஒரு தூசி இல்லாமல் தேன் நிறத்தில் இருந்தது. அதைக் கம்பெனி கேட்டின் கீல்களுக்கு விட்டேன்.

தங்கை குடும்பத்துக்கு நல்லது செய்வதாக அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு மாதம் கழித்து, வண்டி முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்று மாப்பிள்ளை சொல்லுவார், அப்போது நான் சாவகாசமாக விஷயத்தை உடைத்து, பாய் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் செய்தேன்.

மாப்பிள்ளை வேறு சொன்னார். மார்கழியில் ஒருநாள் வந்து, "காலையில ரெண்டாவது கியரு விழ மாட்டேங்குது மச்சான். சூடாவுற வரைக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்குது" என்றார். பனி என்றேன் நான். தை போய் மாசி வந்ததும் பனி என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவது கியர் போடும்போது கர்ரென்று அரைத்தது. ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு போகும்போது கியர் விழாமல் நடுச்சாலையில் நின்று, அந்தப் பெண்ணை வேறு வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்தச் சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல சேதி வந்ததும் பயத்தோடு சேர்த்து அந்த எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை நேராக பாய் பட்டறைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஸ்டாண்டு டிரைவர்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பாய் பதறாமல் வண்டிக்கு அடியில் போய் போல்ட்டைக் கழற்றி, தட்டில் கொஞ்சம் எண்ணெய் பிடித்துக்கொண்டு வந்தார். கெட்டியாக, கறுப்பாக, அதே வாடையோடு இருந்தது. உள்ளே பித்தளைப் பொடி மினுங்கியது.

"இது நான் ஊத்துன ஆயிலு இல்ல" என்றார். "இது லாரி அச்சுக்கு ஊத்துறது. இதுல இருக்கற மருந்து பித்தளயத் தின்னுடும்."

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப யாரு ஊத்துனது, பேயா? நல்ல ஆயிலுன்னு சொல்லிட்டு, ஏதோ லாரியில வடிச்சத ஊத்தி வுட்டுருக்கீங்க. ஒரு உசுரு போயிருக்கும் பாய்!"

"அல்லா மேல சத்தியமா இல்லீங்க." சொல்லிவிட்டு பாய் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். சாட்சி கிடைத்துவிட்ட நிம்மதி. "அண்ணே, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. கையில தொட்டுப் பாத்து, தண்ணியா ஓடுதுன்னு கேட்டீங்களே. சொல்லுங்கண்ணே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் கொழுக்கட்டையை வைத்தது போல நின்றேன். சும்மா நின்றிருந்தாலும் பாவம் பாதியோடு போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"நான் அப்ப போன்ல பேசிட்டு இருந்தேன் பாய். சரியா பாக்கல."

அவர் தட்டைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை என்ன கத்தியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கியர்பாக்ஸை நெய்வேலி பக்கம் வேறொரு பட்டறையில் இறக்கினார்கள். அங்கே மேஜைமேல் என் வண்டியில் இருப்பது போன்ற பழைய வகை கியர்பாக்ஸ் ஒன்றும் பிரித்துக் கிடந்தது. பக்கத்திலேயே மாப்பிள்ளையுடையதையும் பிரித்து வைத்தார்கள். வெளிக்கூட்டை மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. உள்ளே கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். பழையதில் வளையம் ஒற்றையாக, தடிமனாக, ஆழமான வரிகளோடு இருந்தது. புதியதில் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வளையங்கள், வரிகள் நூல் பருமன். கெட்டி எண்ணெய் அந்த வரிகளில் இருந்து விலகவே முடியாது, விலகாவிட்டால் பித்தளை சக்கரத்தைப் பிடிக்காது, பிடிக்காவிட்டால் பல்லோடு பல் மோதும் என்று அந்த மெக்கானிக் விளக்கினார். அந்த வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பாய் படுத்தபடி எனக்குச் சொன்னது இதைத்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரே பிள்ளையார் அச்சில் இரண்டு வகை மண் வார்ப்போம். ஒன்று கூடுதல் சூட்டுக்கு, ஒன்று குறைந்த சூட்டுக்கு. காய்ந்து நிற்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் கிளேஸை, அந்தப் பளபளப்புப் பூச்சை, இன்னொன்றுக்குப் பூசிவிட்டால் சூளையில் சிலந்தி வலை மாதிரி வெடித்துப்போகும். "அச்சு ஒண்ணுன்னா மண்ணும் ஒண்ணா?" என்று கிளேஸ் பூசுகிற பெண்களை நான் திட்டாத வாரம் கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம் எல்லாம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பாய் நல்ல ஆயிலை எடுத்துக்கொண்டு கழிவு ஆயிலை ஊற்றுகிறார் என்று ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு வண்டியாக வேறு பட்டறைக்குப் போனது. நானும் என் வண்டியை அங்கே விடவில்லை. கோபத்தில் அல்ல, அவர் கண்ணைப் பார்க்கிற தைரியம் இல்லாமல். அந்தச் சாலையில் போக வேண்டியிருந்தால் பட்டறைக்கு முன்னாலேயே தலையைத் திருப்பிக்கொள்வேன். ஒருமுறை அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் வேலை இல்லாமல் அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், கம்பெனியில் பதம் சொன்னேன். ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்லிப்பில் விரல் விட்டு எடுத்தபிறகு, சரி என்று சொல்ல முன்பு போல வாய் வருவதில்லை. இப்போதெல்லாம் அலமாரியிலிருந்து கருவியை எடுத்து அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன். வயதாகிவிட்டது என்று பெண்கள் கேலி செய்கிறார்கள்.

போன மாதம் மங்கலம்பேட்டை சாலையில் டீ குடிக்க நின்றேன். எதிரே தகரக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. கதவில் துரு ஏறியிருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஆயிலு திருடுன பாயா? அவரு திரும்ப துபாய் பக்கமே போயிட்டாருங்க. ஆறு மாசம் ஆவுது. இந்த வயசுல போயி யாரோ சின்னப் பசங்ககிட்ட கைவேல பாக்கறாராம்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நொண்டி, நெட்டை என்று அடையாளம் சொல்வதைப் போலச் சொன்னார். நான் கொடுத்த பட்டம் அது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னேன். ஐப்பசி, காதுகுத்து, தொண்ணூறு நம்பர், போனில் பேசினேன் என்ற பொய், எல்லாவற்றையும். அவர் கை சோற்றிலேயே நின்றது. தங்கை உள்ளேயிருந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத ஏன் மச்சான் இப்ப வந்து சொல்றீங்க?" என்றார் மாப்பிள்ளை. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நான் எப்படியெல்லாம் பேசுனேன் அந்த மனுஷன." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஸ்டாண்டுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் மூஞ்சியில துப்புவாங்க" என்றார்.

எனக்கு அசிங்கமான ஒரு நிம்மதி வந்தது. அவரே வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய முடியும்? அந்த நிம்மதியோடு ஒரு வாரம் இருந்து பார்த்தேன். பழையபடி நன்றாகச் சாப்பிட வேண்டியவன், தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டுக்குப் போய், நின்றிருந்த டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர், "நீங்கல்லாம் பெரிய மனுஷன்னு நெனச்சோம்" என்றார். மாப்பிள்ளை தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. அங்கிருந்து நேராக மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

பாய் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். நான் யார் என்று சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பொம்ம கம்பெனி அண்ணன்தான? பாக்கலன்னு சொன்னீங்களே, அந்த அண்ணன்."

"ஆமாம்மா. பாத்தேன். அவரு சரியான ஆயிலதான் ஊத்துனாரு. அத வடிச்சிட்டு லாரி ஆயில ஊத்துனது நானு. பொய் சொன்னதும் நானு."

அவர் திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. அவர் காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"அப்ப அவங்க அந்த ஆயில ஊத்தவே இல்லியா?" என்றார்.

"இல்லம்மா."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "புள்ள தலையில கை வச்சி சொன்னாங்கண்ணே. நான் நம்பல. வூட்டு கஷ்டத்துக்கு ஏதோ ஒரு தடவ தப்பு பண்ணிட்டாங்கன்னுதான் நெனச்சேன். கூடவே நின்ன அந்த நல்ல மனுஷனே பாக்கலன்னுட்டாரே, அப்பறம் என்னாத்த நம்புறதுன்னு இருந்தேன்." முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். "ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறன்னிக்குக் கேட்டாங்க, நீயாவது நம்புறியான்னு. நான் பொட்டிக்குத் துணி மடிச்சிட்டே இருந்தேன். பதிலே சொல்லல."

பட்டறை போனது எனக்குத் தெரியும், பெயர் போனது தெரியும். அந்த மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே திருடனாக இருந்துவிட்டு விமானம் ஏறினார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நான் போனை எடுத்தேன். "அவரு நம்பர் குடும்மா. நானே சொல்லிடறேன். காலுல விழுந்து கேக்கணும், எட்டாத தூரத்துல இருக்காரு."

அவர் எழுந்துகொண்டார். "கொஞ்சம் இருங்கண்ணே. மொதல்ல நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெயிலில் நான் வாசலில் நின்றிருந்தேன். நெடுநேரம் மணி அடித்த சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் அழுகையோடு அவரிடம் மன்னிப்புக் கேட்பது கேட்டது.